குளத்து நீரும் உயர்நிலைப் பள்ளி மாணவரும்



கொல்கத்தா நகரின் தென்பகுதியில் லேக் மார்க்கெட் என்னும் கடைவீதி ஒன்று உண்டு. வாழையிலை, கறிவேப்பிலை, காப்பிக்கொட்டை, மல்லிகைச் சரம் ஆகிய யாவும் அங்கே கிடைக்கும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அதன் சுற்றுப்புறத்தில் வாழ்ந்து வருகின்றன. அந்தக் கடைவீதிக்குப் பெயர் தந்த ஏரி, 1920-ஆம் ஆண்டுகளில் மனிதர் வெட்டியது. 1958-ஆம் ஆண்டில் கவி தாகூரின் பெயரால் ரவீந்திர சரோபர் என்று அது பெயர் பெற்றது. காலையும் மாலையும் நம் பெரியவர்கள் அதன் கரையில் உலவுவதைக் காணலாம். ஏரியைப் பல்லாயிரம் முறை வலம் வந்த ஒருவரை, “அந்த நீருக்குள் இந்நேரம் நடப்பது என்ன?” என்று கேட்டால் அவர் திகைத்து நிற்பார். அவர் மீது குற்றமில்லை. அவருக்கு அதனைக் கற்பித்தவர் யாருமில்லை. இன்று பள்ளியில் பயிலும் அவருடைய பேரக்குழந்தைகளும் அவ்வாறே திகைக்க வேண்டுமா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் உயிரியல் பயிலும் மாணவர், நீர்நிலையை அறவே அறியாதவர் அல்லர். மத்தியக் கல்விமுறையின் பாடநூலில், உயிர்ச்சூழலுக்கு எடுத்துக்காட்டாகக் குளமே கூறப்படுகிறது. சாக்கடை நீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. ஆனால், ஏரி எவ்வாறு மூப்படைகிறது, மிகையான உரச்சத்து அதனை எவ்வாறு கெடுக்கிறது என்று விளக்கிய சுற்றுச்சூழல் அத்தியாயம், பாடச்சுமையைக் குறைக்கும் பொருட்டு அண்மை ஆண்டுகளில் நீக்கப்பட்டுவிட்டது. சுமை குறைய வேண்டியதுதான். எனினும் இந்த மூட்டையை இறக்கியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நூலில் இல்லாததைக் குளக்கரையில் கற்க இயலும் என்பது ஓர் ஆறுதல். அதற்கு வேண்டிய செலவும் சிறிதே.

எங்கள் குடியிருப்பை அடுத்த ஒரு சிறு குளத்தின் கதையைச் சொல்கிறேன். அண்டை வீட்டுப் பெண், பதினோராம் வகுப்பு மாணவி, ஒருநாள் இரண்டு புட்டிகளில் அக்குளத்து நீரைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தாள். “ஏண்டி அம்மா, இதை இங்கேயா வைப்பது?” என்று அவள் தாயார் பதறினார். “மாமி சொல்லுங்கள், மருத்துவத்துக்குப் படிக்கச் சொன்னால் சாக்கடையைச் சுமந்து வருகிறாளே!” என்று என் மனைவியிடமும் முறையிட்டார். அந்தப் பெண்ணோ விடியற்காலையில் எடுத்த புட்டி ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த புட்டி மற்றொன்று என்று எங்களுக்கு விளக்கினாள். பார்வைக்கு இரண்டும் ஒரே நீர்தான். ஆனால் அவை ஒன்றல்ல என்று பின்னர் தெரிந்தது.

நீரில் வாழும் உயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. 27 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் காற்றில் அது சுமார் 270 மில்லிகிராம் இருக்கும். அதே வெப்பத்தில் காற்றோடு உறவாடி நிற்கும் ஒரு லிட்டர் நன்னீரிலோ சுமார் 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதாவது, நமக்குக் கிடைப்பதில் முப்பதில் ஒரு பங்கைக் கொண்டு மீன் குடித்தனம் நடத்துகிறது! வெப்பம் ஏற ஏற இந்தச் சிறு செல்வமும் குறைகிறது. 20 பாகையில் 9 மில்லிகிராம் தாங்கும் நீர், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே தாங்கும். கோடையில் மீனுக்குப் பசி மிகும், மூச்சுக்கு வேண்டிய வாயுவும் மிகுதியாகத் தேவைப்படும், கிடைப்பதோ குறைவு. மீன் வளர்ப்புக்கு உகந்த நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள அளவு.

கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவை அளப்பது எவ்வாறு? ஹங்கேரி நாட்டு ரசாயன அறிஞர் வின்க்ளர் என்பவர் 1888-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நீர் நிரப்பிய புட்டியில், மாங்கனீசு உப்புக் கரைசலையும், காரங்கலந்த அயோடைடு கரைசலையும் சிறிதளவு இடவேண்டும். உடனே பஞ்சு போன்ற வண்டல் ஒன்று தோன்றும். நீரில் பிராணவாயு இருக்குமாயின் வண்டல் பழுப்பு நிறமாகும். வாயு மிகுதியாயின் பழுப்பும் மிகும். வாயு இல்லையேல் வண்டல் வெண்மையாகவே நிற்கும். பின்னர் கந்தக அமிலம் சேர்த்தால் வண்டல் கரைந்து அயோடின் வெளிப்படும். கஞ்சிப்பசையின் துணையோடு, நீலம் மறையும் வரை தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செலவான அளவைக் கொண்டு கணக்கிட வேண்டும். அமிலம் கையாளும் வேலையை ஆசிரியர் முன்னிலையில் அன்றி மாணவர் செய்தலாகாது.

அந்த இரண்டு புட்டிகளையும் ஆசிரியை அவ்வாறே சோதித்தாராம். பிற்பகல் நீரில் காப்பித்தூள் போன்ற கரும்பழுப்பு வண்டல் இறங்கியது. விடியற்காலை நீரிலோ ஏறக்குறைய வெண்மையாகவே இறங்கியது. புட்டிகளைக் காண அந்தத் தாயாரும் பள்ளிக்குச் சென்றார். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “அப்படியானால் ராத்திரி அந்த மீன்கள் என்ன செய்யும்?” என்று அவர் கேட்டார். அறிவியலின் முதற்கேள்வியை அவர் கேட்டுவிட்டார் என்றே சொல்லவேண்டும்.

அதற்கு விடை இது. குளத்து நீரில் மிதக்கும் நுண்பாசிகள் பகலில் கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன. அப்போது பிராணவாயுவை வெளியிடுகின்றன. பசுமை மிகுந்த குளத்தில், பிற்பகலில் நீர் தாங்கும் அளவுக்கும் மிகையாக வாயு நிறைந்துவிடும். கதிரவன் மறைந்ததும் சமையல் நிற்கிறது. மூச்சு மட்டும் நிற்பதில்லை. பாசி, மீன், புழு, அடிச்சேற்றில் அழுகலைத் தின்னும் நுண்ணுயிர் ஆகிய அனைத்தும் ஒரே கையிருப்பிலிருந்து இரவெல்லாம் செலவு செய்கின்றன. விடியும் வேளையில் பெட்டி காலி. அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை நீங்கள் கண்டிருக்கலாம். மீன் விளையாடுகிறது என்று குழந்தைக்குக் காட்டுகிறோம். உண்மையில் அது மூச்சுக்குத் தவிக்கிறது. கோடையில் இரண்டொரு நாள் மேகமூட்டமாயிருந்தால் பகல் வரவும் குறைந்துபோகும். மறுநாள் காலை நூற்றுக்கணக்கான மீன்கள் செத்து மிதக்கும். யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று ஊரார் கூடுவர். சில வேளை அதுவும் உண்மையாகலாம். பல வேளை நஞ்சு எதுவுமில்லை. நம் வீட்டு நீர், உணவின் எச்சம், சோப்பு ஆகியவை கொண்டு சேர்த்த உரச்சத்தே பாசியைப் பெருக்கி, இரவுச் செலவையும் பெருக்கிவிட்டது.

ஆகவே, குளத்தை நண்பகலில் மட்டும் அளந்து “நலம்” என்று எழுதும் மாணவன் ஏமாந்து போவான். இதனை முன்னரே சொல்லித்தருவது ஆசிரியர் கடமை.

மற்றக் கருவிகள் மிக எளியவை. 1865-ஆம் ஆண்டில் இத்தாலியில் செக்கி என்னும் பாதிரியார், வெண்ணிற வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தார். அவர் வானநூல் வல்லவர். விண்மீன்களை ஆராய்ந்தவர் கடலின் தெளிவையும் அளந்தார். ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு போதும். பழைய தட்டு மூடியை நான்கு பாகமாக்கி, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறித் தீட்டி, நடுவில் கயிறு கட்டினால் கருவி ஆயத்தம். இத்துடன் வெப்பமானி, அமிலமா காரமா என்று காட்டும் வண்ணத்தாள், பழைய நைலான் துணியில் தைத்த சிறு வலை, பள்ளியின் நுண்ணோக்கி, ஒரு நோட்டுப்புத்தகம் ஆகியவை போதும். நோட்டுப்புத்தகமே முதன்மையானது. ஒரு நாள் அளவு ஒரு செய்தி. ஓராண்டு அளவுகள் ஒரு சரித்திரம். கரைக்கு ஒருபோதும் தனியே செல்லலாகாது, கழிவுநீர் சேரும் இடத்தில் இறங்கலாகாது, திரும்பியதும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும் என்னும் மூன்றையும் பெற்றோர் வற்புறுத்துவார்களாக.

இனி, அதே கொல்கத்தாவின் கிழக்கெல்லைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். நீர்நிலை அறிவியல் கற்க விரும்பும் மாணவருக்கு இந்தியாவில் இதைவிடச் சிறந்த வகுப்பறை உண்டா என்பது ஐயமே.

வித்யாதரி என்னும் ஆறு ஒரு காலத்தில் கடலின் உவர்நீரை நகரத்தின் கிழக்கே கொண்டுவந்து பரப்பியது. ஆறு தூர்ந்து போயிற்று. உவர்ச் சதுப்பு எஞ்சியது. நகரச் சாக்கடை நீரைக் கால்வாய் வழியே கிழக்கே அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கிருந்த மீன்வளர்ப்போர் அந்தச் சாக்கடை நீரைத் தம் குளங்களில் அளவோடு விட்டுப் பார்த்தனர், மீன் கொழித்தது. வங்காளத்தார் இக்குளங்களைப் பேரி என்பர். (நம் முரசுக்கும் இதற்கும் உறவில்லை.) இன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட பேரிகளும், நெல்வயல்களும், குப்பை உரத்தில் காய்கறி விளையும் தாபா நிலமும் சேர்ந்த 12,500 ஹெக்டேர் பரப்பு, 2002-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

சாக்கடை நீரில் மீனா என்று முகம் சுளிக்க வேண்டாம். அங்கே நடப்பதைக் கூர்ந்து நோக்குவோம். சாக்கடை நீர் என்பது நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் தண்ணீரே. எஞ்சிய சிறு பங்குதான் அழுகலும் சத்தும் நோய்க்கிருமியும். பேரிகள் பரந்தவை, ஆனால் ஓர் ஆள் ஆழத்துக்கு மேற்படாதவை. ஆகவே ஒளி ஆழமாக ஊடுருவும். முதலில் குளத்தை வற்றவைத்துக் காயவிடுவர். பின் கழிவுநீரை விட்டுச் சில வாரங்கள் மீனின்றி நிறுத்துவர். நுண்ணுயிர்கள் அழுகலைச் சிதைத்து உரச்சத்தாக்கும். அச்சத்தைக் கொண்டு பாசி வளரும். பாசி வெளியிடும் பிராணவாயு நுண்ணுயிர்களின் வேலையை விரைவுபடுத்தும். பாசி பகலில் கரியமிலவாயுவை எடுத்துக்கொள்ளுவதால் நீரின் காரத்தன்மை ஏறும். அந்தக் காரமும் வெயிலும் சேர்ந்து நோய்க்கிருமிகளைப் பெருமளவு மாய்க்கும். அதன் பின்னரே மீன்குஞ்சுகளை விடுவர். ரோகு, கட்லா, மிருகால், ஜிலேபிக் கெண்டை ஆகியவை பாசியையும் சிற்றுயிர்களையும் உண்டு, பசுமை அளவுமீறாமல் காக்கும். முன்னே நாம் கண்ட குளத்தில் எந்தப் பாசி மீனைக் கொன்றதோ, அதே பாசி இங்கே மீனை வளர்க்கிறது. வேறுபாடு அளவில் இருக்கிறது. எவ்வளவு கழிவுநீர், எந்த நாளில், எந்த மதகு வழியே என்பதை நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டு தீர்மானிக்கும் மீனவர்கள் அங்கே உள்ளனர். கரையோரம் வேலிபோல் கட்டிவைத்த ஆகாயத்தாமரை அலையைத் தடுத்து மண்ணைக் காக்கிறது. வெயிலில் மீனுக்கு நிழலும் தருகிறது. மற்ற ஊர்களில் ஏரியை மூடிக் கெடுக்கும் அந்தப் பூண்டு, இங்கே கூலியில்லாக் காவற்காரன்.

இந்தப் பேருண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் துருவஜோதி கோஷ் என்னும் வங்காளப் பொறியியலாளர். மேற்கு வங்க அரசுப் பணியில் இருந்த அவர், 1980-ஆம் ஆண்டுகளில் நகரக் கழிவுநீர் எங்கே போகிறது என்று ஆராயப் புறப்பட்டு, கால்வாயைப் பின்பற்றி நடந்து இப்பேரிகளை அடைந்தார். சுத்திகரிப்பு ஆலை கட்டும் கலையைக் கற்றவர், ஆலையின்றியே அவ்வேலை நடைபெறுவதைக் கண்டார். மீனவரிடமும் உழவரிடமும் பாடம் கேட்டு எழுதினார். 2018-ஆம் ஆண்டில் அவர் காலமானார். இடையே 1992-ஆம் ஆண்டில், ஒரு குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்த ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டில் தனிச்சட்டமும் பிறந்தது. ஆயினும் நகரம் கிழக்கு நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரங்களில் குளம் தூர்ந்து மனையாவது பற்றிய முறையீடுகள் ஓய்ந்தபாடில்லை. சால்ட் லேக் என்று இன்று நாம் குடியிருக்கும் நகர்ப்பகுதியே, 1960-ஆம் ஆண்டுகளில் உவர் ஏரியை ஆற்று மணலால் நிரப்பி எழுப்பியதுதான். அங்கே வீடு வாங்கிய தமிழரும் பலர். ஆதலால் இதனை அடுத்தவர் குறையாகப் பேசுவது நமக்கு அழகன்று.

நீரைப் பற்றிய ஆராய்ச்சியில் கொல்கத்தாத் தமிழருக்கு வேறொரு பெருமையும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், 1907-ஆம் ஆண்டில் கணக்குத்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். பின்னர் அங்கேயே பேராசிரியரானார். 1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்று திரும்பியபோது, மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கடல் நீலமாவது வானத்தின் பிரதிபலிப்பால் என்று அந்நாளில் கருதினர். ராமன் ஒரு சிறு பட்டகத்தைக் கண்முன் பிடித்து வானத்தின் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் குன்றவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் நிறுவினார். சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுவதும் அந்நீலத்துக்குக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஒளிச்சிதறல் பற்றிய அந்த ஆராய்ச்சி வளர்ந்துதான் 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் முடிந்தது.

மற்ற நகரங்களில் வாழும் நேயர்கள் பொறுமை இழந்திருக்கலாம். பெங்களூரில் இருப்பவருக்குப் பெல்லந்தூர் ஏரி ஒன்று போதாதா? அங்கே மதகில் விழும் நீர் காற்றோடு கலந்து, சிதையாமல் தங்கிய சோப்புப் பொருள்களால் வெண்ணுரையாகப் பொங்கிச் சாலைவரை வந்ததையும், 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் ஏரியில் தீப்பிடித்ததையும் நாடே கண்டது. டில்லியில் ஓக்லா அருகே யமுனையில் குளிர்காலத் தொடக்கத்தில் எழும் நுரைக்கும் காரணம் இதனோடு உறவுடையதே. ஐதராபாத்தில் ஹுசைன் சாகர், பம்பாயில் பவாய் ஏரி என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு பாடம் காத்திருக்கிறது. குடிநீருக்கு ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், அதில் மதகு, மிகைநீருக்குக் கலிங்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருந்த மக்களின் வழிவந்தவர்கள் நாம். குளிக்கும் நீரையும் குடிக்கும் நீரையும் பிரித்து வைத்த அந்த வழக்கத்தின் அறிவியல் காரணத்தை நம் பிள்ளைகள் வேற்றூர் ஏரியில் கற்பது தவறாகாது.

நீரில் உள்ள அழுகலின் அளவை அறியவும் வின்க்ளர் முறையே உதவும். ஒரே நீரை இரு புட்டிகளில் எடுத்து, ஒன்றை உடனே அளந்து, மற்றதை இருளில் வைத்துப் பின்னர் அளந்தால், இடையில் நுண்ணுயிர்கள் செலவழித்த பிராணவாயு தெரிந்துவிடும். மேனாட்டில் 20 பாகையில் 5 நாள் வைப்பர். நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்ப 27 பாகையில் 3 நாள் என்று இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ளது.

இதைப் படித்து என்ன பயன், வேலை கிடைக்குமா என்று கேட்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். மீன்வள அறிவியல் நான்காண்டுப் பட்டப்படிப்பு பல மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உள்ளது. கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையமும், மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. ஓடும் ஆற்றில் அன்றிக் குளத்தில் முட்டையிடாத கெண்டை இனங்களை, மூளையடிச் சுரப்பியின் சாறு செலுத்தி முட்டையிடச் செய்தவர் ஹீராலால் சௌத்ரி. அவர் 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவில் அடைந்த அந்த வெற்றியால்தான், இன்று சந்தையில் ரோகு மீன் ஆண்டு முழுதும் கிடைக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், குடிநீர் வழங்கும் துறைகள், இறால் பண்ணைகள் ஆகிய யாவற்றுக்கும் நீரை அளக்கத் தெரிந்தவர் வேண்டும். மருத்துவம் ஒன்றே கல்வி என்று எண்ணியிருந்த அந்த அண்டைவீட்டுத் தாயார் இன்னும் முழுதும் மனம் மாறவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் விடியற்காலை நீர் எடுக்கச் செல்லும் மகளோடு கைவிளக்கு ஏந்திச் செல்பவர் இப்போது அவர்தான்.

தொடங்க விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். இந்தியா முழுதும் கடிகாரம் ஒன்றாயினும் கதிரவன் ஒன்றாக எழுவதில்லை. ஜூன் மாதத்தில் கொல்கத்தாவில் காலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது புலர்ந்துவிடும். மும்பையில் ஆறு மணியாகும். பாசி தன் சமையலைத் தொடங்குமுன் முதற்புட்டியை நிரப்ப வேண்டுமாதலால், ஆசிரியர் சொன்ன மணியைப் பாராமல், உங்கள் ஊர்க் கீழ்வானம் வெளுப்பதைப் பார்த்துக் கரைக்குச் செல்லுங்கள்.